சதுரங்கத்தில் பரகாயப் பிரவேசம்

ஐஸ்லாந்து தேசத்தின் தலைநகரமாகிய ரெய்க்யவிக்கில், 1972-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் தேதியன்று, உலகச் சதுரங்க சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், வெள்ளைக் காய்களுடன் அமர்ந்த அமெரிக்க வீரர் பாபி பிஷர் எந்தக் காயைத் தொடுவார் என்பதில் அரங்கத்தில் இருந்த எவருக்கும் அதிக சந்தேகம் இருந்திருக்க நியாயமில்லை. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதே சதுரங்கத்தில் ஆகச் சிறந்த முதல் அடி என்பது அவருடைய பிரகடனம். பிள்ளைப் பிராயம் தொட்டு, மிக அபூர்வமான சந்தர்ப்பங்களைத் தவிர, அதிலிருந்து அவர் வழுவியதில்லை. அன்றோ அவருடைய கை ராஜாவின் சிப்பாயை விட்டு விலகி, ராணிப் பக்கத்து மந்திரியின் முன்னால் நின்ற சிப்பாயிடம் போயிற்று. சில நகர்த்தல்களுக்குள் ஆட்டம் குயின்ஸ் காம்பிட் என்னும் பழைய பாதையில் வந்து சேர்ந்தது. அந்தப் பாதையில் டார்ட்டகோவர் என்பவரின் பெயரால் வழங்கும் தற்காப்பு முறையில், எதிரே அமர்ந்திருந்த சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி அதுவரை தோல்வியே கண்டதில்லை. அன்று 41-ஆவது நகர்த்தலில் அவர் தோற்றார். தோற்ற பிறகு, சபையோரோடு சேர்ந்து தாமும் கைதட்டினார்.

ஒருவன் தன் உடலைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு வேறொருவனுடைய உடலுக்குள் புகுந்து நடமாடுவதை நம்முடைய பழங்கதைகள் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்றும் பரகாயப் பிரவேசம் என்றும் வருணிக்கின்றன. சதுரங்க சாம்பியன்களுக்கும் சதுரங்கத் தொடக்கங்களுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வித்தையே ஞாபகத்துக்கு வருகிறது. தம்முடைய பெயர் பொறித்த தொடக்கங்களை ஆடிப் பட்டம் பெற்றவர்கள் சொற்பம். எதிராளி நெடுங்காலம் குடியிருந்து பழகிய தொடக்கத்துக்குள் புகுந்து, அவருடைய வீட்டிலேயே அவரை வென்று பட்டம் பெற்றவர்களே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

தொடக்கம் என்றால் என்ன என்பதைச் சதுரங்கம் அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் முதற்கண் வெள்ளைக்காரர் இருபது வகையில் காய் நகர்த்தலாம், கறுப்புக்காரர் இருபது வகையில் பதில் சொல்லலாம். ஆளுக்கு ஓர் அடி வைத்த மாத்திரத்திலேயே பலகையின் மேல் 400 நிலைமைகள் சாத்தியமாகிவிடுகின்றன. அதற்கு மேல் கணக்குப் பெருகிக்கொண்டே போகும். இந்த ஆரணியத்தில் முன்னோர்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளே தொடக்கங்கள். ஆட்டக்காரர்கள் ஓப்பனிங் என்பார்கள். முதல் பத்து, பதினைந்து, சில சமயங்களில் இருபது அடிகள் வரையில் வித்வான்கள் யோசித்து ஆடுவதில்லை, நினைவிலிருந்தே ஆடுகிறார்கள். ஆகையால் எந்தப் பாதையில் இறங்குவது என்று தீர்மானிப்பவர், எந்த நிலத்தில் யுத்தம் செய்வது என்பதையும் தீர்மானித்துவிடுகிறார்.

இந்தப் பாதைகளுக்குப் பெயர் வைத்த கதையோ நம் ஊர்த் தெருக்களுக்குப் பெயர் வைத்த கதையைப் போன்றது. பெயருக்கு உரியவர் அந்தத் தெருவில் குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. இன்றளவும் மேன்மையான தொடக்கம் என்று போற்றப்படும் ரூய் லோபஸ், 1561-இல் சதுரங்கத்தைப் பற்றி நூல் எழுதிய ஸ்பானியப் பாதிரியார் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலுள்ள, அவருக்கும் முந்திய லத்தீன் கையெழுத்துப் பிரதியொன்றில் அந்த நகர்த்தல்கள் காணப்படுகின்றன. சிப்பாயைப் பலி கொடுத்து ஆடும் காம்பிட்களில் ஒன்றாகிய எவான்ஸ் காம்பிட்டைக் கண்டுபிடித்தவர் வேல்ஸ் தேசத்துக் கப்பல் தலைவர். பிரெஞ்சுத் தற்காப்புக்கு அந்தப் பெயர் வந்தது, 1834-இல் லண்டன் நகரத்துக்கும் பாரிஸ் நகரத்துக்கும் கடித மூலமாகத் தொடங்கிய பந்தயத்தில் பாரிஸ்காரர்கள் அதை ஆடியதால். நமக்கு விசேஷமாக உரியது இந்தியத் தற்காப்புகள் என்ற பெயர். 19-ஆம் நூற்றாண்டின் மத்தியில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீலுடன் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி ஆடிய ஆட்டங்களே அதற்கு மூலம். நம் நாட்டுப் பழைய விதிப்படி சிப்பாய் முதல் அடியிலும் ஒரே கட்டம்தான் நகரும். அந்த நிதானத்தில் ஊறியவர், நடு மைதானத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மந்திரியை ஓரத்தில் பதுக்கி வைத்துத் தூரத்திலிருந்து அம்பு எய்ததில் ஆச்சரியம் இல்லை. ஐரோப்பியர்களுக்கு அது விநோதமாகத் தோன்றியது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் சாம்பியன்கள் பலருக்கு அதுவே ஜீவாதாரமாயிற்று.

தம் பெயர் பொறித்த வீட்டை விட்டு நகர மறுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், முதல் உலக சாம்பியனாகிய வில்லியம் ஸ்டீனிட்ஸையே சொல்ல வேண்டும். அவருடைய பெயரால் வழங்கும் காம்பிட்டில், கறுப்பு ராணி ஓடி வந்து செக் சொல்ல, வெள்ளை ராஜா ஐந்தாவது நகர்த்தலிலேயே, படைகள் அனைத்தும் பலகையில் இருக்கும்போதே, கோட்டையை மறந்து நடுவெளியில் காலடி எடுத்து வைக்கிறார்! ராஜா தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வலிமை உடையவர் என்பது ஸ்டீனிட்ஸின் சித்தாந்தம். தாம் சரியென்று எழுதியதை உலகமே எதிர்த்தாலும் ஆடிக் காட்டியே தீருவது அவருடைய சுபாவம். ரஷ்யாவின் மிகாயில் சிகோரின் அந்தச் சித்தாந்தங்களைக் கண்டித்து எழுதவே, 1890-91-இல் இருவரும் தந்தி மூலமாக இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். விவாதத்துக்குரிய நிலைமைகளைத் தம் புத்தகத்திலிருந்து ஸ்டீனிட்ஸே எடுத்துக் கொடுத்தார். இரண்டிலும் சிகோரினே வென்றார். அந்த ஆட்டங்களில் ஒன்றில் ஸ்டீனிட்ஸ் தம் குதிரையைப் பலகையின் விளிம்புக்கு இழுத்ததைப் பார்த்துப் பலர் நகைத்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1963-இல், பிஷர் அதே குதிரையை அதே விளிம்புக்கு இழுத்து அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஒருவரைத் தோற்கடித்தார்.

ஸ்டீனிட்ஸுக்குப் பின் 27 ஆண்டுகள் பட்டத்தைக் கையில் வைத்திருந்த எமானுவேல் லாஸ்கரிடம் அந்தப் பிடிவாதம் இல்லை. எதிரே இருப்பவர் யார், அவருடைய மனம் இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்து ஆடுகிறவர் அவர். 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் கியூபாவின் இளைஞர் கபபிளாங்கா முன்னணியில் இருந்தார். லாஸ்கருக்கு வெற்றி தேவை, கபபிளாங்காவுக்குச் சமன் போதும். வெற்றி தேவைப்படுகிறவர் சிக்கலான யுத்தத்தைக் கிளப்புவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். லாஸ்கரோ ரூய் லோபஸில் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டி, சீக்கிரத்திலேயே ராணிகளும் பலகையை விட்டுப் போகும்படியான, சமனுக்குப் பேர்போன சாதுவான கிளையில் இறங்கினார். எளிய நிலைமைகளில் ஈடிணையற்றவர் என்று பெயர் வாங்கியவர் கபபிளாங்கா. அது அவருடைய சொந்த வீடு. ஆனால் அந்தக் கிளையில் கறுப்பு சும்மா காத்திருக்க முடியாது, சுறுசுறுப்பாக ஆடியே ஆக வேண்டும்; சமனை நாடி வந்தவரின் மனமோ அதற்குத் தயாராக இல்லை. மெல்ல மெல்ல மூச்சு முட்டி அவர் தோற்றார். பந்தயத்தில் லாஸ்கர் 13½ புள்ளிகளோடு முதலிடமும், கபபிளாங்கா 13 புள்ளிகளோடு இரண்டாமிடமும் பெற்றார்கள். இந்தக் கிளை பிற்பாடு நெடுங்காலம் தூசு படிந்து கிடந்தது. 1966-இல் அதைத் தட்டி எடுத்துப் பெரிய கிராண்ட்மாஸ்டர்களை வீழ்த்தியவரும் பிஷர்தான். அது நடந்த இடம் கபபிளாங்காவின் சொந்த ஊராகிய ஹவானா!

1927-இல் பியூனஸ் அயர்ஸ் நகரத்தில் நடந்த போட்டியைப் போன்ற அலுப்பூட்டும் அற்புதம் சதுரங்க சரித்திரத்தில் வேறு இல்லை. சாம்பியன் கபபிளாங்காவும் அவரை அதுவரை ஒரு முறைகூட வென்றறியாத அலெக்சாண்டர் அலெகினும் 34 ஆட்டங்கள் ஆடினார்கள். அவற்றுள் 32 ஆட்டங்கள் குயின்ஸ் காம்பிட்டை மறுக்கும் ஒரே தொடக்கத்தில் அமைந்தன. அலெகின் தாக்குதலுக்குப் பிறந்தவர். 1921-இல் புடாபெஸ்டில், எதிராளியின் ராஜ சிப்பாய்க்கு எதிராக முதல் அடியிலேயே குதிரையைத் துள்ள விட்டு, தம் பெயரால் இன்றும் வழங்கும் தற்காப்பை உலகத்துக்குக் காட்டியவர். பட்டத்துக்கான அந்தப் பெரும் போட்டியில் அந்தத் தற்காப்பை அவர் ஒரு தடவைகூட ஆடவில்லை. கபபிளாங்கா ராஜாவின் சிப்பாயைத் தள்ளித் தொடங்கிய ஒரே ஆட்டத்தில், பிரெஞ்சுத் தற்காப்பை ஆடி வென்றார். மற்றபடி, வாரக்கணக்காக, பரணில் கிடந்த பழைய பாத்திரத்தைத் தேய்ப்பது போல, கபபிளாங்காவுக்கு உகந்த அந்த நிதானமான நிலைமைகளையே தேய்த்துக்கொண்டிருந்தார். 6 வெற்றி, 3 தோல்வி, 25 சமன் என்ற கணக்கில் பட்டம் கை மாறியது. புயலாக ஆடத் தெரிந்தவர் பாறையாக இருந்து வென்றது பெரிய தவம் என்றே சொல்ல வேண்டும்.

முன்னாள் சாம்பியன் பொத்வின்னிக் 1958-இல் ஸ்மிஸ்லாவிடமிருந்து பட்டத்தை மீட்டதும் ஏறக்குறைய இத்தகைய வேஷம் மாற்றித்தான். பிரெஞ்சுத் தற்காப்புக்குப் பேர்போனவர் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, காரோ-கான் தற்காப்போடு வந்து, முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றார். அவற்றில் இரண்டு அந்தப் புது வேஷத்தில் கிடைத்தவை.

பிஷரிடம் மீண்டும் வருகிறேன், ஏனெனில் இந்த விஷயத்தில் அவருடைய சரித்திரம் தனி ருசி உடையது. 1960-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரத்தில் ஸ்பாஸ்கி அவருக்கு எதிராகக் கிங்ஸ் காம்பிட் என்ற புராதன தொடக்கத்தை ஆடி வென்றார். அடுத்த ஆண்டே பிஷர் ஒரு கட்டுரை எழுதி, அந்தக் காம்பிட் முடிந்துபோன சங்கதி என்று தீர்ப்பளித்தார். மரண சாசனம் எழுதியவரே சில ஆண்டுகளுக்குள் அதே காம்பிட்டை, கிளையை மட்டும் மாற்றி, தாமே வெள்ளைப் பக்கத்தில் ஆடி வென்றதைக் காணும்போது, கோபம் எழுதியது வேறு, கலை ஆடியது வேறு என்று நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரெய்க்யவிக்கிலும் இந்த இரு முகங்களும் தெரிந்தன. சிசிலியன் தற்காப்பில், எதிராளி விட்டுவைக்கும் ஒரு சிப்பாயை ராணியைக் கொண்டு வெட்டித் தின்னும் கிளையொன்று உண்டு. விஷச் சிப்பாய் என்றே அதற்குப் பெயர். பிஷர் தம் சொந்தச் சொத்தாகப் பாவித்து வந்தது அது. 11-ஆவது ஆட்டத்தில் அதை ஆடியபோது ராணி சிறைப்பட்டு அவர் தோற்றார். 13-ஆவது ஆட்டத்தில் அவர் எடுத்தது அலெகினின் தற்காப்பு, வெற்றி. சொந்த வீட்டில் வாங்கிய அடிக்கு இரவல் வீட்டில் ஈடு செய்துகொண்டார். 12½-க்கு 8½ என்ற கணக்கில் பட்டம் அவருடையதாயிற்று.

நம் விசுவநாதன் ஆனந்த் இந்த வித்தையின் கசப்பையும் இனிப்பையும் ஒருங்கே அனுபவித்தவர். சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் இயங்கிய, முன்னாள் சாம்பியன் மிகாயில் டாலின் பெயர் சூட்டிய சங்கத்தில் சிறு பிள்ளையாக ஆடிப் பழகியவர் அவர். 1995-இல் நியூயார்க்கில் சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரே பட்டத்துக்காக ஆடியபோது, முதல் எட்டு ஆட்டங்கள் சமனாகி, ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில், தாம் ஏற்கெனவே ஆடி நம்பிக்கை வைத்திருந்த ரூய் லோபஸின் திறந்த கிளையில் கறுப்புக் காய்களோடு இறங்கினார். அந்தக் கிளையில், 1978-இல் பாகியோ நகரத்தில் அப்போதைய சாம்பியன் கார்ப்போவ் முதலில் காட்டிய குதிரைத் தாக்குதலைத் தொடர்ந்து, காஸ்பரோவ் 14-ஆவது நகர்த்தலாக மந்திரியை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்து, மூலையிலிருந்த யானையையே வெட்டக் கொடுத்து, ஆனந்தின் வீட்டிலேயே அவரை வீழ்த்தினார். அந்த மந்திரி நகர்த்தலின் மூல யோசனை டாலிடமிருந்து வந்தது என்பது சதுரங்க உலகில் பிரசித்தம். எந்தப் பெயர் எழுதிய பலகையின் கீழே பிள்ளைப் பருவத்தில் ஆடினாரோ, அதே பெயர்க்காரரின் அம்பு தைத்தது! 10½-க்கு 7½ என்று போட்டி காஸ்பரோவின் வசமாயிற்று.

அந்தக் காஸ்பரோவின் பட்டத்தை 2000-இல் லண்டனில் விளாதிமிர் கிராம்னிக் எடுத்துக்கொண்ட விதம், சந்நியாசி ஒருவர் சக்கரவர்த்தியை வென்ற கதை போன்றது. ரூய் லோபஸை எதிர்த்து அவர் நிறுத்திய பெர்லின் தற்காப்பு 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதன் பிரதானக் கிளையில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போய்விடும். கறுப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையையும் இழந்து நடுவில் நிற்பார். பார்வைக்குப் பரிதாபமான நிலைமைதான். ஆனால் ராணி இல்லாத இடத்தில் காஸ்பரோவின் தாண்டவத்துக்கு மேடை ஏது? நான்கு ஆட்டங்களில் அந்தச் சுவரின் மேல் அவர் மோதினார், நான்கும் சமன். 15 ஆட்டங்கள் முடிந்தபோது, ஒரு வெற்றிகூடப் பெறாமல் 6½-க்கு 8½ என்று பட்டத்தை இழந்தார். எதிராளியின் வீட்டுக்குள் புகாமல், வீட்டுக் கதவை வெளியிலிருந்து தாழிட்டது கிராம்னிக்கின் சாமர்த்தியம். என் கணக்குக்கு இது ஒத்து வராத வெற்றி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கிராம்னிக்கை 2008-இல் ஜெர்மனியின் பான் நகரத்தில் பட்டத்துக்கான போட்டியில் ஆனந்த் எதிர்கொண்டார். பிஷரைப் போலவே ஆனந்தும் ஏறக்குறைய ஆயுள் முழுவதும் ராஜாவின் சிப்பாயைத் தள்ளித் தொடங்கியவர். ராணியின் சிப்பாயைத் தள்ளித் தொடங்கும் ஆட்டங்களின் ஆசாரியர் கிராம்னிக். பானுக்கு வந்த ஆனந்தோ தம் பழைய வழக்கத்தை உதறிவிட்டு ராணியின் சிப்பாயைத் தள்ளினார். கறுப்புப் பக்கத்தில் அதைவிட விபரீதமான ஆயத்தம் காத்திருந்தது. செமி-ஸ்லாவ் தற்காப்பின் மெரான் கிளையில், ராஜாவின் பாதுகாப்பையே பணயம் வைக்கும் கத்தி முனைப் பாதையொன்றில், மூன்றாவது ஆட்டத்தில் கிராம்னிக்கை இழுத்துச் சென்று வென்றார். ஐந்தாவதில் கிராம்னிக் அதே பாதையில் மீண்டும் வர, மீண்டும் வென்றார். கறுப்புக் காய்களோடு, குருவின் சொந்த சாஸ்திரத்தில், இருமுறை! ஆறாவது ஆட்டத்தில் வெள்ளையோடு மற்றொரு வெற்றி. 6½-க்கு 4½ என்று முடிந்த அந்தப் போட்டியை, ஆயத்தம் என்ற கலைக்கு ரெய்க்யவிக்கின் ஆறாவது ஆட்டத்தையும் மிஞ்சிய உதாரணமாக நான் மதிக்கிறேன். அங்கே அன்று நடந்தது இங்கே ஏறக்குறைய போட்டி முழுவதும் நடந்தது.

2010-இல் பல்கேரியாவின் வெசலின் டோபலோவை அவருடைய தேசத்துத் தலைநகரமாகிய சோபியாவிலேயே சந்திக்க ஆனந்த் புறப்பட்டபோது, ஐஸ்லாந்தின் எரிமலையொன்று கக்கிய சாம்பலால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோக, பிராங்பர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் தரை மார்க்கமாகப் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். 11 ஆட்டங்களின் முடிவில் இருவரும் சமம். கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்கள் ஆனந்துக்கு. அந்த நெருக்கடியில், கணிப்பொறிகள் கண்டுபிடித்துத் தந்த புதுமை எதையும் தேடாமல், குதிரையை மைதானத்தின் நடுவே பாய்ச்சிக் காய்களை மாற்றிக்கொண்டு பாரத்தைக் குறைக்கும், லாஸ்கரின் பெயரால் வழங்கும் பழைய தற்காப்பை எடுத்தார். சமனுக்கு உடன்படாமல் டோபலோவ் முன்னேறி வந்து தம் ராஜாவைத் திறந்துவிட, ஆனந்த் அடித்து நொறுக்கிப் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, தாம் வளர்ந்த சென்னையிலேயே அந்தப் பட்டத்தை அவர் இழந்தார். நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் தொடக்கங்களில் யுத்தம் செய்ய விருப்பமில்லாதவர். ஆட்டம் எங்கே தொடங்கினாலும் சரி, ஐந்து மணி நேரம் கழித்து யார் களைக்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. கறுப்புப் பக்கத்தில் கிராம்னிக்கின் பெர்லின் சுவரையும் அவர் எழுப்பினார். ஆறாவது ஆட்டத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் ஆனந்த் தோற்றார். கணிப்பொறியின் துணையால் யார் வேண்டுமானாலும் எந்த வீட்டுக்குள்ளும் புகலாம் என்று ஆகிவிட்ட காலத்தில், கூடு பாய்ந்து ஒருவரைத் திகைக்க வைப்பது வரவர அரிதாகி வருகிறது. 2024-இல் சிங்கப்பூரில், சென்னைப் பிள்ளையாகிய குகேஷ், முதல் ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனின் பிரெஞ்சுத் தற்காப்பிடம் தோற்று, டிசம்பர் 12-ஆம் தேதி 14-ஆவது ஆட்டத்தில், தொடக்கம் எப்போதோ மறந்துபோன 55-ஆவது நகர்த்தலில் எதிராளி செய்த பிழையால் 18 வயதில் சாம்பியன் ஆனார்.

வீட்டில் சதுரங்கப் பலகை உள்ளவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நான் தொடங்கிய இடத்தில் சொன்ன ரெய்க்யவிக்கின் ஆறாவது ஆட்டம் எல்லாத் தொகுப்புகளிலும் கிடைக்கிறது. 41 நகர்த்தல்கள், சாவகாசமாக ஆடினாலும் ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் பிடிக்காது. காய்களை அடுக்கி அதை ஆடிப் பாருங்கள். ஆனால் முதல் தடவை கறுப்புக் காய்களின் பக்கத்தில் உட்காருங்கள், ஸ்பாஸ்கி உட்கார்ந்திருந்தது அங்கேதான்.